துணிக்கு அந்தப் பக்கம்

எனக்குச் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று சந்தேகமாக இருக்கிறது. தென்காசியில் நான் கல்லூரியில் படித்த காலம். 1961 ஆக இருக்கலாம். ஹபீபுல்லா சார் வாரந்தோறும் ஆசிய நாட்டுப் படங்களைக் காட்டினார். ஊர்ப் பெண்களும் பார்க்க வேண்டும் என்று, மேலகரத்து நெசவாளி மீரான் நெய்த வெள்ளைத் துணியை மண்டபத்தின் நடுவே திரையாகக் கட்டினார். முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள். அவருக்கு முன் எங்கள் ஊரில் யாருக்கும் அது தோன்றியதில்லை.

"அந்தப் பக்கம் படம் இடம் வலமா மாறி எல்லாரும் இடக்கையாலல்லா சோறு திம்பாங்க சார்" என்று செல்லப்பா கேலி செய்தான்.

"திங்கட்டும்லே. பாக்காம இருக்கதுக்கு அது மேல்."

அன்று மலாயாப் படம். குடத்தோடு ஒரு பெண் எங்களுக்கு முதுகு காட்டி வயல் வரப்பில் நடந்துபோய், சிறுத்துச் சிறுத்து மறைந்தாள். துணிக்குப் பின்னால் "லாத்தா!" என்று ஒரு அலறல். மீரானின் மனைவி சைதூன் பீவி. அவள் லாத்தா என்று கூப்பிடும் அக்கா பினாங்குக்குப் போனவள். பல வருஷமாக உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாது.

படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள்.

"முதுகத்தானம்மா காட்டுனா? ஒங்க அக்கான்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று சார் கேட்டார்.

"முதுகா? எங்களப் பாத்துல்லா நடந்து வந்தா!"

சார் சிரிக்கவில்லை. பிறகு அதே சுருளை மறுபடி ஓட்டச் சொன்னார். வயல் இருந்தது. வரப்பு இருந்தது. அதில் யாரும் நடக்கவில்லை.

படம் சென்னைக்குத் திரும்பிப் போனது. செல்லப்பா வக்கீலானான். சார் செங்கோட்டையில் காலமானார். சைதூன் பீவியும் அவளுடைய அக்காவும் மேலகரத்தில் ஒரே வீட்டில் வெகுகாலம் வாழ்ந்தார்கள்.