முரசு சுமந்த கழுதை

தபரிஸ்தான் மலையில் ஏறுவது லேசான காரியமில்லை. பாக்தாத் கலீஃபா அனுப்பிய புது ஆளுநருக்கு முன்னால், அவருடைய முரசைச் சுமந்தபடி ஒரு கோவேறு கழுதை ஏறியது. நாக்குத் தள்ள உச்சியை அடைந்ததும், அங்கே மேய்ந்துகொண்டிருந்த மலையாட்டை அதட்டியது.

"இனிமே இந்த மலை எங்க ஆட்சி. தலை வணங்கு!"

ஆடு உடனே பணிவாகத் தலை தாழ்த்தியது. கழுதைக்குக் களைப்பெல்லாம் பறந்துவிட்டது.

"பரவாயில்லையே, இங்கே மரியாதை தெரிஞ்சிருக்கே!"

"கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க ஐயா" என்றது ஆடு. "கீழ் வளைவுல, உங்க ஆளுநருக்குப் பதிலா வர்ற அடுத்த ஆளுநரோட முரசு வருது. நான் வணங்கினது அவருக்கு. நீங்க சுனைப் பக்கம் போங்க. உங்களுக்கு முந்தினவர் அங்கேதான் இன்னும் மூச்சு வாங்கிட்டிருக்கார்."