ஒரு தட்டு வீட்டுப்பாடம்

ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்தபடி கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார் வீட்டுக்காரர். மீதிப் பாத்திரமெல்லாம் தொட்டியில் அப்படியே கிடந்தது.

"மிச்சத்தை யாரு கழுவுறதாம்?" என்று கேட்டாள் அவள்.

"ஐ ஹேவ் வாஷ்ட் எ பிளேட். வாக்கியத்துல ஒரு தட்டுதாம்மா இருக்கு" என்றார், கூச்சநாச்சமே இல்லாமல்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணிக்கடையில் பகல் முழுக்க நின்று துணி அளந்துவிட்டு வந்த கால் விண்விண்ணென்று தெறித்தது. இப்படியும் ஒரு மனுஷனா!

விஷயம் இதுதான். அவர் லிஃப்ட் மெக்கானிக். என்றைக்காவது சூப்பர்வைசர் ஆக வேண்டுமென்றால், எதைச் சரிபார்த்தாச்சு, எதை மாற்றியாச்சு என்று இங்கிலீஷில் சொல்லத் தெரிய வேண்டும். அதற்காக, வேலை முடிந்து சாயங்காலம் நடக்கிற ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தார். அங்கே டீச்சர் ஒரு தினுசு. செய்து முடித்ததைச் சொல்ல 'ஹேவ்' போட வேண்டும், ஆனால் வீட்டில் நிஜமாகவே செய்து முடித்திருக்க வேண்டும், கதை விடக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். கல்யாணமான நாளாய் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாத மனுஷன் எதைத்தான் சொல்வார்? அதற்காகத்தான் அந்த ஒரு தட்டு.

மாமியார் வேறு. மகன் சும்மா துடைப்பத்தைத் தொட்டிருந்தால் வீடு இரண்டாகியிருக்கும் என்றுதான் அவளும் நினைத்தாள், அவரும் நினைத்தார். படிப்பு என்றதும் அந்த அம்மாள், "புள்ளை படிக்கிறான், நீ ஊடால போய்த் தொந்தரவு பண்ணாதே" என்று மருமகளை அடக்கிவிட்டார்.

பாடம் நகர நகர வேலையும் நகர்ந்தது. பன்மை வந்த அன்று எல்லாத் தட்டுகளும் பளபளத்தன. அப்புறம் 'ஹேட்' வந்தது. ஒன்று நடப்பதற்கு முன்னாலேயே இன்னொன்று முடிந்திருக்க வேண்டுமாம். அவள் கடையிலிருந்து வரும்போது துணியெல்லாம் மடித்துக் கட்டிலில் அடுக்கியிருக்கும். "பிஃபோர் மை வைஃப் கேம் ஹோம், ஐ ஹேட் ஃபோல்டட் த க்ளோத்ஸ்" என்று அவர் பாட்டுக்கு ஒப்பித்துக்கொண்டிருப்பார்.

'வில் ஹேவ்' வந்தபோது அவள் பாதித் தூக்கத்தில் இருந்தாள். ஜன்னல் திரை வெளுக்கிற நேரம். அடுப்படியில் டம்ளர் சத்தம் கேட்டது. "பிஃபோர் ஷி வேக்ஸ் அப், ஐ வில் ஹேவ் மேட் த டீ..." அந்த முணுமுணுப்பு கூடத்தைத் தாண்டி, திரையைத் தொட்டு, போர்வைக்குள் வந்து மெல்லத் தேய்ந்து போனது. கனவா நனவா என்று பிடிபடவில்லை. பிடிபடவும் வேண்டாம் என்றிருந்தது. எழுந்தால் வாக்கியம் கெட்டுவிடுமே என்று கண்ணைத் திறக்காமல் அப்படியே மிதந்துகொண்டு கிடந்தாள்.

ஆனாலும் மனதின் ஓரத்தில் ஒரு முள். இதெல்லாம் தனக்காக இல்லையே, பாடத்துக்காகத்தானே? வகுப்பு முடிந்தால் தொட்டிப் பாத்திரமும் தானுமாகப் பழைய கதைதான். அந்த நாள் வந்துவிடக் கூடாதே என்று உள்ளூரப் பயந்தாள்.

ஒரு மத்தியானம் அந்த டீச்சரே திரைச்சீலைக்குத் துணி எடுக்கக் கடைக்கு வந்தார். வீட்டுக்காரர் வகுப்பில் சேர்ந்த அன்று கூடப் போனவள் என்பதால் அவளுக்கு முகம் தெரியும். துணியை அளந்துகொண்டே வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். அவரோட வகுப்பை இன்னும் கொஞ்ச நாளைக்கு இழுக்க முடியுமா?"

டீச்சருக்குப் புரியவில்லை.

"எதை இழுக்கிறது? 'ஹேவ்' பாடத்தோட அவரு நின்னுட்டாரே. மேல நானே படிச்சுக்கிறேன், சாயங்காலம் வீட்டுல வேலை இருக்குன்னு சொல்லி, புஸ்தகத்தை மட்டும் வாங்கிட்டுப் போனாரு."

கத்தரிக்கோல் துணியின் நடுவிலேயே நின்றுவிட்டது. மடித்த துணிகள், விடியற்காலை டீ, எல்லாமே அதற்கப்புறம் வந்தவை. துணியைக் கொஞ்சம் கோணலாகவே வெட்டிவிட்டு, வேறு துண்டு எடுத்துக் கொடுத்து அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். மாமியார் நாற்காலியில் கால்களைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு டீச்சர் கடைக்கு வந்திருந்தாங்க அத்தை" என்றாள்.

துடைப்பம் நின்றது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அம்மாவை ஒரு பார்வை, இவளை ஒரு பார்வை.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் மாமியார்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, நிதானமாக உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"பாடம் இப்பத்தான் பாதி ஆகியிருக்காம். வீட்டுப்பாடம் இன்னும் நிறைய இருக்காம்."

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, குப்பையை அள்ளிக்கொண்டு வெளியே போனார். போகிற போக்கில் ஏதோ ஒரு 'ஹேவ்' காற்றில் மிதந்து வந்தது.

கதவு சாத்தியதும் மாமியார் அவள் பக்கம் குனிந்தார்.

"கிளாஸ் நேரம் பூரா என் கண்ணு முன்னாலதானே பெருக்கிட்டு இருக்கான், எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதே, வெக்கப்பட்டு விட்டுடுவான்."