பின்வரிசை ஜெபம்

"நீயே திறட்டி, எனக்க கையெல்லாம் எண்ணெய்," என்றாள் தலை வாரிக்கொண்டிருந்த தங்கபாய்.

தங்கபாயின் ஊர்க்காரர் ஒருவர் விடுதியில் கொடுத்துவிட்டுப் போன தகர டப்பா. உலகம்மை மூடியை நெம்பினாள். முந்திரிக்கொத்தின் வாசனை அறையெல்லாம் பரவியது. மேலாக ஒரு துண்டுக் காகிதம்.

குழித்துறையிலிருந்து தங்கபாயின் அம்மா எழுதியிருந்தாள்: 'ஜெபத்தில் தினமும் ஒரு பிள்ளை அழுகிறாள் என்று எழுதினாயே, அவளுக்கும் கொடு. ஆண்டவர் அவளைத் தொட்டிருக்கிறார். சபையில் எல்லோரும் அவளுக்காக முழங்கால் போடுகிறோம்.'

உலகம்மைக்குக் காது மடல் சுட்டது.

கல்லூரியில் சேர்ந்து இருபது நாள். அவள் தெருவிலிருந்து இண்டர்மீடியட் படிக்க நாகர்கோவிலுக்கு வந்த முதல் பெண். தோவாளைக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்தான். இவ்வளவு பக்கத்தில் வீட்டை வைத்துக்கொண்டு அழுதால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

அதனால்தான் சாயங்கால ஜெபத்துக்குப் போனாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. விடுதியில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடுவது அப்போது மட்டும்தான்.

நெற்றியில் திருநீறோடு, பின்வரிசையில் தங்கபாய்க்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அம்மையை நினைத்து ஆசைதீர அழுவாள். 'ஆமென்' கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொள்வாள்.

அதைப் பக்தி என்று நம்பி, முகம் தெரியாத ஒரு சபையே முழங்காலில் நிற்கிறது. இரண்டு சாமிகளையும் ஏமாற்றிவிட்டது போலக் கூசியது.

சொன்னால், கிடைத்த ஒரே சிநேகிதியும் போய்விடுவாள். சொல்லாமல் தின்றால் தொண்டையில் இறங்காது.

"ஏட்டி, நான் சாமிய நெனச்சு அழல. வீட்ட நெனச்சாக்கும் அழுதேன். உங்க அம்மைக்கு எழுதிரு."

தங்கபாய் எண்ணெய்க் கையாலேயே காகிதத்தை வாங்கி வாசித்தாள். அவள் முகம் சிவந்ததைப் பார்த்து, கோபம் என்றே உலகம்மை நினைத்தாள்.

"நீயும் அழுதியா? எனக்குத் தெரியாதேட்டி. நானும் கண்ண மூடிட்டுல்லா இருந்தேன்."

காகிதத்தை நாலாக மடித்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் அழுதேன்னு எழுதினா அம்மை மறுநாளே வந்து கூட்டிட்டுப் போயிருவா. அதான் வேற ஒரு பிள்ளைன்னு எழுதினேன்."