எட்டுச் சீலமும் ஒரு சம்பந்தமும்

“இன்னைக்கு உங்களால பொய் சொல்ல முடியாது. அதனாலதான் நாள் பாத்து இன்னைக்கே வந்தோம்” என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமா.

விகாரையின் பின்கூடத்தில் அப்போது இருந்தவர்கள் ஐந்து பேர். பாயில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்த பெரியப்பா. தபால் நிலையத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பின்னால், பெண்ணைப் பெற்ற அவருடைய தம்பியும் தம்பி மனைவியும். எதிர்ப்பாயில், நீதிமன்ற எழுத்தராக இருந்த தாய்மாமாவும், அவருடைய அக்காவான மாப்பிள்ளையின் அம்மாவும். வேறு யாரும் இல்லை. பிற்பாடு ‘நானும் அங்கே இருந்தேன்’ என்று சொன்னவர்கள் எல்லாம் வெளியே செருப்புத் தேடிக்கொண்டிருந்தவர்கள்.

அன்று முழுநிலா நாள். புத்தர் பிறந்ததும், ஞானம் பெற்றதும், பரிநிர்வாணம் அடைந்ததும் அந்த நாளில்தான் என்று கொண்டாடும் திருநாள். விடிகாலையிலேயே வெள்ளை உடுத்தி வந்தவர்களுக்கு மூத்த பிக்கு எட்டுச் சீலங்களையும் வரிவரியாகச் சொல்லித் தந்திருந்தார். கொல்லாமை, திருடாமை, பிரமசரியம், பொய்யாமை, கள்ளுண்ணாமை என்று தொடங்கி, நண்பகலுக்கு மேல் உண்ணாமை, ஆடல் பாடல் அலங்காரம் தவிர்த்தல், உயர்ந்த ஆசனத்தில் அமராமை வரை.

“சீலம்ங்கிறது நான் உங்க கழுத்துல மாட்டுற கயிறு இல்ல. ஒவ்வொன்னையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லி ஏத்துக்கணும்” என்றும் அவர் சொல்லியிருந்தார். முன்வரிசையின் இரு கோடிகளிலும் பெரியப்பாவும் தாய்மாமாவும் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்கள்.

“காலையில உங்களுக்கு இருமலாச்சே, இப்பத் தேவலையா?” என்று பெரியப்பா பேச்சை மாற்றப் பார்த்தார்.

“உங்களுக்கும்தான் இருந்துச்சு. ஊதுவத்திப் புகை. அது கிடக்கட்டும், விஷயத்துக்கு வருவோம்.”

விஷயம் என்னவென்று பெரியப்பாவுக்குத் தெரியும். முந்தின நாள் மாலையே தம்பி மகள் தொலைபேசியில் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள்: “பெரியப்பா, எனக்கு இவரைத்தான் பிடிச்சிருக்கு. நாளைக்கு அவங்க மாமா உங்களைத்தான் கேக்கப் போறாராம். என் வாழ்க்கை உங்க வாயிலதான் இருக்கு.”

மாப்பிள்ளையின் அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “என் பையன் சாது, பச்சத்தண்ணி. உங்க பொண்ணு கோபக்காரின்னு சொல்றாங்க. வாடகை வீட்டுச் சொந்தக்காரரையே குளியலறைல வச்சுப் பூட்டிட்டாளாமே?”

தம்பி மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஏனென்றால் அது முழுக்க உண்மை. மூன்று மாதமாக ஒழுகிய குழாயைப் பார்த்துவிட்டு “அடுத்த மாசம் பாக்கலாம்” என்று சொன்ன வீட்டுக்காரரை உள்ளே விட்டுப் பூட்டி, சன்னல் வழியாக ஒரு குறடையும் நீட்டியவள் அவள். ஒரு மணி நேரத்தில் குழாய் சரியானது.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். முப்பத்தாறு வருட உத்தியோகத்தில் ஒரு கடிதத்தைக்கூட வீடு மாறிப் போகவிடாத மனிதர்.

“எங்க பொண்ணுக்கா? கோபமா? எறும்பு கடிச்சா, எறும்புக்குப் பல்லு வலிச்சிருக்குமேன்னு அழறவ அவ.”

“அப்ப அந்தப் பூட்டு?”

“காத்துல கதவு சாத்திக்கிச்சு. தாழ்ப்பாளும் தானா விழுந்துடுச்சு. உள்ள இருக்கிறவர் பயந்துடக் கூடாதேன்னு இவ வெளிய நின்னு தைரியம் சொல்லிக்கிட்டே இருந்தா.”

“குறடு?”

“பொழுது போகணுமேன்னு குடுத்திருப்பா.”

தம்பி பின்னாலிருந்து அவருடைய வெள்ளைச் சால்வையைப் பிடித்து இழுத்தார். “அண்ணா... சீலம்!”

“சும்மா இருடா.”

தாய்மாமாவின் முகம் மலர்ந்தது. “எட்டுச் சீலம் எடுத்தவர் வாய், அக்கா. இதுக்கு மேல அப்பீல் கிடையாது.”

“நீங்களும் வெள்ளை உடுத்தித்தான் உக்காந்திருக்கீங்க” என்றார் பெரியப்பா. “நானும் ஒன்னு கேக்கிறேன். மாப்பிள்ளை காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்?”

“நாலு மணிக்கு! ஒரு மணி நேரம் தியானம். அப்புறம் வீடு முழுக்கப் பெருக்கிட்டுத்தான் மறுவேலை.”

மாப்பிள்ளையின் அம்மா திடீரென்று கூரையில் இருந்த மின்விசிறிகளை எண்ணத் தொடங்கினார். இருந்தது ஒன்றுதான்.

நண்பகல் தாண்டிவிட்டதால் பால் சேர்க்காத தேநீர் வந்தது. சம்பந்தம் முடிந்தது.

அவர்கள் படியிறங்கியதும் தம்பி தலையில் கைவைத்துக்கொண்டார். “மத்தியானத்துலேருந்து பட்டினி கிடந்து சேத்த புண்ணியமெல்லாம் போச்சேண்ணா!”

“ஒன்னும் போகலை. ஆறிடும், தேநீரைக் குடி.”

இரண்டு மாதத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை எட்டரை மணிக்கு முன்னால் கண் திறப்பதில்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்தது. இரண்டாவது வாரம் அவர் குளியலறையின் வெளித் தாழ்ப்பாளைக் கழற்றி ஒளித்து வைத்தார். இப்போது ஐந்து மணிக்கே எழுந்துகொள்கிறார். அவர்கள் வீட்டில் எந்தக் குழாயும் ஒழுகுவதில்லை.

திருநாளும் அதுவுமாகப் பெரியப்பா சீலத்தை மீறிப் பொய் சொல்லித்தான் அந்தக் கல்யாணத்தை முடித்தார் என்று உறவில் ஒரு பேச்சு நடமாடுகிறது. அது தவறு. அந்தக் குடும்பத்தில் எடுத்த சீலத்தை மீறியவர் ஒருவரும் இல்லை. அன்று காலை மூத்த பிக்கு நான்காவது வரியைச் சொல்லித் தந்தபோது பெரியப்பாவுக்குச் சரியாக இருமல் வந்துவிட்டது. அவர் எடுத்தது ஏழுதான்.

தாய்மாமா எடுத்ததும் ஏழுதான்.