பின்மூடியைத் திறக்காதீர்கள்

கட்டம் போட்ட சட்டைக்காரரின் கட்டைவிரல் கேமராவின் பின்மூடிக் கொக்கிக்குப் போனது.

"திறக்காதீங்க!"

அவ்வளவு சத்தமாக வருமென்று அவளே எதிர்பார்க்கவில்லை.

மேசையைச் சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அதைக் கண்ணிலிருந்து எடுக்காமலே திரும்பி அவளைப் பார்த்தார்.

ஏலம் இன்னும் தொடங்கவில்லை. அதுவரை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். பழைய கேமரா வாங்க வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பழக்கம்தான். பின்மூடியைத் திறப்பார்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார்கள். ஷட்டரைத் தட்டிப் பார்ப்பார்கள்.

காலையிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டே வந்தார்கள். மேசைக் கடைசியில் அக்காவின் யாஷிகா கேமரா. அதற்கு இப்போதுதான் முறை வந்திருந்தது.

"ஏம்மா, திறந்தா என்ன?"

சொல்லக் கூடாது என்று முடிவுகட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"உள்ள ஃபிலிம் இருக்கு. வெளிச்சம் பட்டா போயிடும்."

அவர் விரலை எடுத்தார். மேலே இருந்த சின்னக் குமிழை மெல்லத் திருப்பினார். கொஞ்சம் சுற்றி, உள்ளே ஃபிலிம் இழுக்க இறுகி நின்றது.

கொதிக்கிற பால் பாத்திரத்தை இறக்குவதுபோல் கேமராவை மேசையில் வைத்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டிருந்தது.

"பார்த்தீரா, கழுவாத ஃபிலிம்! இதுக்குத்தான் நான் ஞாயித்துக்கிழமை தவறாம வர்றது. யாரோ எடுத்திருப்பாங்க. கல்யாணம் இருக்கும், நாய்க்குட்டி இருக்கும்…"

"ஊரான் வீட்டு நாய்க்குட்டி உமக்கு எதுக்கு, சவரிராயன்?" என்றார் பைனாகுலர்காரர்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஃபிலிமை வெளிச்சத்திடமிருந்து பிடுங்கி இந்த மனுஷர் கையில் கொடுத்தாயிற்று.

அக்கா எல்லாரையும் படமெடுத்தாள். உலகமே போனுக்கு மாறிய பிறகும் ஃபிலிமை விடவில்லை. யாராவது கேமராவுக்குக் கை நீட்டினால் போதும், "நீ நில்லுடி, நான் எடுக்கறேன்" என்பாள்.

மாசியில் போய்ச் சேர்ந்தாள். மாலை போட ஒரு படம் இல்லை.

வாக்காளர் அட்டையிலிருந்த முகத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டார்கள். அதில் அக்கா, யார் மேலோ புகார் கொடுக்க வந்தவள் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு படம் உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குக் கொஞ்சம் முன்பு, கேமராவைப் பிடுங்கி இவள் எடுத்தது. சுருள் முடியவில்லை. உள்ளேயே இருந்துவிட்டது.

அத்தான் வீட்டைக் காலி செய்தார். "திரும்பின பக்கமெல்லாம் அவ சாமான். தாங்கலைம்மா." மொத்தத்தையும் ஏலக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். இவள் விஷயம் தெரிந்து ஓடியபோது ஏல எண் ஒட்டியாயிற்று. ஏலத்தில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

எடுக்கத்தான் வந்திருக்கிறாள்.

மணி அடித்தது. ஏலம் போடுகிறவர் யாஷிகாவைத் தூக்கிக் காட்டினார்.

அவள் கையைத் தூக்கினாள்.

சவரிராயன் தூக்கினார்.

அவள் தூக்கினாள். அவர் தூக்கினார்.

அவள் தூக்கினாள். அதன் பிறகு இறக்கவே இல்லை.

"அம்மா, கையைக் கீழ போடுங்க. உங்க தொகைக்கு மேல நீங்களே கேக்கறீங்க."

கூடத்தில் சிரிப்பு. அவள் போடவில்லை. போட்டால் மறுபடி தூக்க வராமல் போய்விடும் என்று பயம். உள்ளங்கை வேர்த்து முழங்கைக்கு வழிந்தது.

முன் வரிசையிலிருந்து சவரிராயன் திரும்பினார்.

"அப்படி என்னம்மா இருக்கு அதுல?"

"எங்க அக்கா இருக்கா."

மேலே போய்க்கொண்டிருந்த அவர் கை பாதியில் நின்றது. தலையைச் சொறிந்துவிட்டு மடிக்கு இறங்கியது.

ஒரு தரம்.

ரெண்டு தரம்.

அந்த மூன்றாவது வருவதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது.

கேமராவை வாங்கி முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள். யார் விரலும் படாதபடி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். வாசலில் சவரிராயன் காத்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்கம்மா. வீட்டுல இருட்டறை இருக்கு. உங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே கழுவித் தர்றேன்."

காலையிலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டாள்.

"அக்காவை நீங்க எடுத்ததா?"

"ஆமா. இதுல அதுதான் முதல் தடவை."

"லென்ஸ் மூடியைக் கழட்டிட்டுத்தானே எடுத்தீங்க?"

அவள் கை முந்தானைக்குள் லென்ஸைத் தேடியது.

"இல்ல, இந்த ரகத்துல பார்க்கற ஜன்னல் தனி, லென்ஸ் தனி. மூடி மாட்டியிருந்தாலும் ஜன்னல்ல எல்லாம் பளிச்சுன்னு தெரியும். படம்தான் விழாது. எங்க மச்சான் கல்யாணத்துல பாதி எனக்கு அப்படிப் போயிருக்கு."

ஜன்னல் நினைவிருந்தது. அதற்குள் அக்கா இருந்தாள். பால்கனி, துணிக்கொடி, பச்சை நைட்டி, தோளில் துண்டு. அழுத்திய விரல்கூட நினைவிருந்தது.

மூடி நினைவில் இல்லை.

"அட, விடுங்க. மாட்டியிருந்தா எதிர நின்னவங்க சொல்லியிருக்க மாட்டாங்களா? அவங்களுக்கு நேராத் தெரியுமே."

அன்றைக்கு அக்கா அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

லென்ஸையே பார்த்தாள்.

"எடுடி. நல்லா எடு," என்றாள்.

அப்படி அவள் சிரித்து இவள் பார்த்ததே இல்லை.