கடலைச் சின்னம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசையை இங்கேயே மழித்துக்கொள்கிறேன், அத்தனையும் சத்தியம்!

ஒரு வறுகடலைக் கிடங்கில் எலிகள் தேர்தல் வைத்தன. கிடங்குக்குள் போக இருந்தது ஒரே வளை. அது கஜபதிப் பெருச்சாளிக்குத் தாத்தா விட்டுப்போன சொத்து. மற்றவர்கள் வாசலில் சிந்தியதைப் பொறுக்கித்தான் பிழைத்தார்கள். "நான் ஜெயித்தால் வளை எல்லோருக்கும் பொது" என்று சுண்டெலி மரகதம் எதிர்த்து நின்றாள்.

அங்கே ஓட்டுப் போடுவதென்றால், பிடித்த வேட்பாளரின் சின்னத்தையே பானைக்குள் போடவேண்டும். மரகதத்தின் சின்னம், பானை வைத்திருந்த புளியமரத்தடியில் இறைந்து கிடக்கிற புளியங்கொட்டை. கஜபதியோ நெஞ்சை நிமிர்த்தி, "என் சின்னம் கடலை! தாத்தா சேர்த்த குவியல்டா, ஆளுக்கொண்ணு வாங்கிக்கிட்டுப் போய்ப் பானையில போடுங்க" என்றார்.

"உப்புப் போட்டு வறுத்ததாண்ணே?" என்றது ஒரு கிழட்டு எலி.

"பின்னே? நம்ம வீட்டுச் சரக்காச்சே!"

எல்லோரும் கடலையும் கையுமாக நின்றார்கள். வரிசையோ நகரவில்லை, வாசனையோ ஆளைத் தூக்கியது. பானை பக்கத்தில் வந்தபோது யார் கையிலும் கடலை இல்லை. கீழே குனிந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

பானையைக் கவிழ்த்தால் மருந்துக்கும் ஒரு கடலை கிடையாது.

"உங்க சொந்த ஓட்டாவது விழுந்திருக்கணுமேண்ணே?" என்றாள் மரகதம்.

கஜபதி வாயைத் துடைத்துக்கொண்டு, "என்னையும் அவ்வளவு நேரம் நிக்க வெச்சுட்டீங்களேம்மா!" என்றார்.

இதை யார் சொன்னதென்று மட்டும் மூச்சு விடாதீர்கள். கஜபதி இப்போது குடியிருப்பது எங்கள் வீட்டு அடுப்படியில்.