சிவப்புக் கோட்டு வழக்கு

"இந்த வீட்ல ஒரு துரோகி இருக்கான்," என்றார் அப்பா.

மாமா தொலைக்காட்சியை இயக்கிய கணத்தில்தான் அப்பா, அம்மா, மகள், மாமா நால்வரும் அதைக் கண்டார்கள். 'கண்ணாடிக் கடைக்காரன்' தொடரின் கடைசிப் பாகத்துக்குக் கீழே, எவ்வளவு பார்த்தாயிற்று என்று காட்டும் சிவப்புக் கோடு ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓடியிருந்தது. யாரோ முழுவதையும் பார்த்து முடித்திருக்கிறார்கள்.

அந்தக் குடும்பத்துக்கு எழுதிய சட்டம் ஒன்று உண்டு. எந்தத் தொடரானாலும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, நால்வரும் சேர்ந்தே பார்க்க வேண்டும். தனியே பார்த்தவர் ஓராண்டு முழுக்க ஞாயிறுதோறும் பாத்திரம் துலக்க வேண்டும். அடுத்த தொடரைத் தேர்ந்தெடுக்க அவருக்கு வாக்கும் கிடையாது. எழுதி, நால்வரிடமும் கையெழுத்து வாங்கி, ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டியவர் அப்பா. மின்தூக்கிகளைச் சோதித்துச் சான்று தருவது அவர் உத்தியோகம். எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதியிருந்தால் ஒன்பதாவது ஆளை, அது கைக்குழந்தையே ஆனாலும், இறக்கிவிடுவார்.

"பாத்திரம் கூடப் பரவாயில்ல. நம்ம வீட்ல பொய் கிடையாதுன்னு நான் ஆபீஸ் பூரா பெருமையடிச்சு வச்சிருக்கேன்," என்றார் அவர்.

"எல்லாம் நீங்க தலைமேல தூக்கி வச்சு ஆடற அந்தக் கண்ணாடிக் கடைக்காரன் கத்துக்கொடுத்தது," என்றாள் அம்மா. அவள் தையற்கடை நடத்துபவள்; வாயிலும் ஊசி வைத்திருப்பவள். "பகல்ல மூக்குக்கண்ணாடி விக்கிறான், ராத்திரி கடத்தல் பண்றான். அஞ்சு வருஷமா பொண்டாட்டிக்கு ஒரு வார்த்தை தெரியாது. கேட்டா, 'எல்லாம் குடும்பத்துக்காக'. அவளா கேட்டா?"

"அவன் பொண்ணு பரீட்சை எழுதின அன்னிக்குக் கடத்தலுக்கே லீவு போட்டாண்டி. அது பாசமில்லையா?"

"நீங்க என் பரீட்சைக்கு ஒரு நாள் கூட லீவு போட்டதில்லையேப்பா," என்றாள் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள்.

"நான் கடத்தலும் பண்ணலையே."

அம்மா விடவில்லை. "போன வருஷம் பார்த்தோமே, துறைமுகத்துக் குடும்பம். அதுவல்லவா குடும்பம். அண்ணன், தம்பி, கொழுந்தியா, எல்லாருக்கும் எல்லாம் தெரியும். கொலை பண்ணினாக்கூட வீட்ல சொல்லிட்டுத்தான் போவாங்க."

"ஆமாக்கா," என்றார் அவள் தம்பி. மகளுக்கு மாமாவான அவர், அந்த வீட்டிலேயே தங்கிப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். "கடைசியில அந்தத் தம்பியையே கொல்லப் போனப்பவும் அவன்கிட்ட சொல்லிட்டுத்தானே போனாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றாள் மகள். "எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுவாங்க. அடுத்த வேளைக்கு ஒரு தட்டு குறையும்."

"நம்ம வீட்லயும் இன்னிக்கு ஒரு தட்டு குறையும் போலிருக்கு," என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாப்ளே, வியாழக்கிழமை தலைவலின்னு வேலைக்குப் போகல நீ."

"தலைவலிக்காரன் துப்பாக்கிச் சத்தம் கேட்பானா அத்தான்? மடியில கனமில்ல, எனக்கு வழியில பயமில்ல. அக்காவைக் கேளுங்க. செவ்வாய்க்கிழமை கண்ணு செவந்து, மூக்கை உறிஞ்சிக்கிட்டு நின்னா."

"வெங்காயம் நறுக்கினேன்டா."

"அன்னிக்கு நாம வெளியிலதானேம்மா சாப்பிட்டோம்?"

"நாளைக்கு ஆகும்னு நறுக்கி வச்சேன். நீ மட்டும் என்ன? புதன்கிழமை குளிக்கப் போறேன்னு ஃபோனோட போனவ, ஒரு மணி நேரம் கழிச்சு நனையாம வந்தே."

மகள் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்ட ஆமையைப் போலானாள். பிறகு மெல்லத் தலை நீட்டினாள். "அப்பா வெள்ளிக்கிழமை ஆபீஸ்லேர்ந்து மூணு மணிக்கே வந்துட்டாராம். எதிர்வீட்டு அத்தை சொன்னாங்க."

"லிஃப்ட் ரிப்பேர்," என்றார் அப்பா.

"லிஃப்ட் ரிப்பேர்னா உங்களுக்கு வேலை கூடத்தானே ஆகணும்," என்றாள் அம்மா.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும், பார்த்தவுடன் சுவரைப் பார்ப்பதுமாக நேரம் போனது. ஐந்து நிமிடத்துக்கு முன்பு வரை பெருமைக்குரியதாக இருந்த குடும்பம், கண்ணெதிரே கலைந்துகொண்டிருந்தது.

கடைசியில் அம்மாதான் வழி கண்டாள்.

"ஏங்க, போன மாசம் இந்த டிவி தானாவே மொழி மாறிப் பேசலையா? இதுவும் அப்படித்தான் இருக்கும். தானா ஓடி முடிஞ்சிருக்கும்."

"இருக்கும்," என்றார் அப்பா, அவள் முடிக்கும் முன்பே.

"நிச்சயமா," என்றார் மாமா.

"நான் அப்பவே நினைச்சேன்," என்றாள் மகள்.

"மனுஷங்க பொய் சொல்ல மாட்டாங்க, மெஷின்தான் சொல்லும்," என்று அப்பா தீர்ப்பெழுதினார். வழக்கு தள்ளுபடியாயிற்று. வீட்டில் பழையபடி அன்பு பெருகியது. அம்மா தேநீர் கொண்டுவந்தாள். மாமா திரைச்சீலையை இழுத்துவிட்டார். அப்பா மகளுக்கு நல்ல நாற்காலியை விட்டுக்கொடுத்தார். நால்வரும் தோளோடு தோள் ஒட்டி அமர்ந்தார்கள்.

"என்ன ஆகப்போகுதோ," என்று அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"யாருக்குத் தெரியும்," என்றார் அப்பா.

கடைசிப் பாகம் தொடங்கியது. கண்ணாடிக் கடைக்காரனின் வீடு. மேசையைச் சுற்றி அவன் குடும்பம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறது. அவன் மகள் ஏதோ வேடிக்கை சொல்கிறாள். மனைவி அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறுகிறாள். வாசலில் அழைப்பு மணி ஒலிக்கிறது. "நான் பார்க்கிறேன்" என்று அவன் புன்னகையோடு எழுந்திருக்கிறான்.

"ஐயையோ!" என்று நால்வரும் ஒரே குரலில் அலறிக் கண்களைப் பொத்திக்கொண்டார்கள்.

அதற்கப்புறம்தான் திரையில் கதவு திறந்தது, துப்பாக்கி வெடித்தது.